மூடும்போது ஹேங்க் ஆகும் புரோகிராமைக் கையில் வாங்குவதற்கு முன்

யாரோ எழுதிப் பாதியில் விட்டுப்போன டெஸ்க்டாப் புரோகிராமைப் பராமரிக்க ஒப்புக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அதிலும் அந்தக் கம்ப்யூட்டரோடு தராசு, பார்கோடு ரீடர் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், முன்பணம் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. ஒரு கோடைகாலம் முழுக்க இதிலேயே போனது, கையில் வந்த பணத்தைவிடக் கையை விட்டுப் போன பணம் அதிகம், அதற்கும் மேலே ஒரு நல்ல மனுஷர் மேல் திருட்டுப் பழி விழப் பார்த்தது. அது மட்டும் இல்லை என்றால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளி வியாபாரி. கொலுசு செய்யும் பட்டறைகளுக்கு வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பார், கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடைபோட்டு வாங்குவார், பேசிய சேதாரத்தைக் கழித்துவிட்டுக் கூலி போடுவார். இந்தக் கொடுத்த எடை, வந்த எடை கணக்குக்குத்தான் அந்தப் புரோகிராம். சி ஷார்ப் என்ற புரோகிராம் மொழியில், விண்டோஸ் ஜன்னல்கள் செய்ய மைக்ரோசாஃப்ட் தரும் வின்ஃபார்ம்ஸில் எழுதியது. எலக்ட்ரானிக் தராசிலிருந்து ஆர்எஸ்232 என்ற பழைய வகை சீரியல் ஒயர் வரும், அதை யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகக் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தார்கள். எழுதியவர் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. முதலாளி என்னிடம் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, சாயங்காலம் மூடுனா அப்படியே நின்னுருதுங்க. பிளக்கைப் புடுங்கித்தான் அணைக்கிறோம். அன்னிக்குப் போட்ட கணக்கு பூரா போயிருது.”

தினமும் இல்லை, வாரத்தில் சில நாள். அதுதான் கொடுமை. நான் போய் உட்கார்ந்திருக்கும்போது ஒழுங்காக மூடும், நான் சூரமங்கலம் வந்து வண்டியை நிறுத்துவதற்குள் போன் வரும். எல்லோருடைய சந்தேகமும் முதலில் ஒயர் மேல்தான் போனது. கன்வெர்ட்டரை மாற்றினோம், ஒயரை மாற்றினோம், விண்டோஸை அழித்து மறுபடி போட்டோம், கடைசியில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு முதலாளி ₹18,000 கொடுத்துப் புதுத் தராசே வாங்கிவிட்டார். புதுத் தராசு வந்த பிறகு ஹேங்க் ஆவது இன்னும் கூடியது. அந்தச் செலவில் பாதி உன் கணக்கு என்று என் பாக்கியில் பிடித்துக்கொண்டார். அந்த மாதம் வீட்டு வாடகைக்கு நகையை வைக்க வேண்டியிருந்தது, அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

துப்பு கிடைத்தது கடைப் பையனிடமிருந்து. “அண்ணா, தராசை முதல்ல ஆஃப் பண்ணிட்டு மூடுனா நிக்கிறதில்லண்ணா” என்றான், சும்மா போகிற போக்கில். அந்த ஒரு வரிக்கு நான் எவ்வளவோ பணம் கொடுத்திருப்பேன். பொருள் என்னவென்றால், தராசு எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும்போது மூடினால் மட்டும்தான் பிரச்சினை. புதுத் தராசு பழையதைவிட வேகமாக அனுப்பியது, அதனால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. எனவே முதல் யோசனை இது: எப்போது கெடுகிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், எப்போது கெடுவதில்லை என்றும் கேளுங்கள், அதுவும் முதலாளியிடம் அல்ல, தினமும் அதைத் தொடுகிறவரிடம்.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாமல் எந்த ஜன்னல் புரோகிராமையும் சரிசெய்ய முடியாது. விண்டோஸில் ஒரு ஜன்னலுக்கு நேரும் எல்லாமே, மவுஸ் கிளிக், கீ அழுத்துவது, அளவு மாறுவது, மூடச் சொல்வது, எல்லாம் செய்திகளாக அந்த ஜன்னலை உருவாக்கிய த்ரெட்டுக்கு, அதாவது புரோகிராமுக்குள் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஓட்டத்துக்கு, வருகின்றன. அந்த த்ரெட் ஒவ்வொன்றாக எடுத்து அதற்குரிய ஃபங்ஷனை, அதாவது அந்த வேலைக்கென்று எழுதிய கோடுத் துண்டை, கூப்பிடும். ஒரே ஆள் நிற்கும் ரேஷன் கடைக் கவுன்டர் மாதிரி, அவர் ஒருவருக்குப் பதில் சொல்லி முடிக்காமல் வரிசை நகராது. இப்படி ஒன்று நேர்வதை ஈவென்ட் என்பார்கள், அதற்கு நீங்கள் எழுதிய ஃபங்ஷன் வேலையை முடித்துத் திரும்பி வராவிட்டால் திரை வரைவது உட்பட எதுவும் நடக்காது. 5 விநாடி செய்தி எதையும் எடுக்காமல் இருந்தால் விண்டோஸே அந்த ஜன்னலை வெளுக்க வைத்து, தலைப்பில் நாட் ரெஸ்பாண்டிங் என்று போட்டுவிடும். ஹேங்க் என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

தராசு விஷயத்துக்கு வருவோம். சி ஷார்ப் புரோகிராம்கள் ஓடும் டாட்நெட்டில், தராசு ஒயர் வந்து சேரும் சீரியல் போர்ட்டிலிருந்து தகவல் வந்தால் டேட்டா ரிசீவ்டு என்ற ஈவென்ட் எழும், ஆனால் அது ஜன்னலின் த்ரெட்டில் எழாது, பின்னால் ஓடும் வேறொரு த்ரெட்டில் எழும். அங்கிருந்து நேராகத் திரையில் உள்ள பெட்டியைத் தொடக்கூடாது என்பதால் பழைய ஆள் இன்வோக் போட்டிருந்தார். இன்வோக் என்றால் இந்த வேலையை ஜன்னல் த்ரெட்டிடம் கொடு, அது முடித்துத் தரும்வரை நான் இங்கேயே நிற்கிறேன் என்று பொருள். அதுவரை சரி. ஆனால் ஜன்னல் மூடப்போகும்போது எழும் ஃபார்ம் குளோசிங் ஈவென்ட்டில் முதல் வரியாகப் போர்ட்டை மூடும் குளோஸ் இருந்தது. குளோஸ் என்ன செய்யும் என்றால், பின்னால் ஓடும் அந்த ஈவென்ட் முடியட்டும் என்று காத்திருக்கும். பின்னால் இருப்பது ஜன்னல் த்ரெட் வரட்டும் என்று நிற்கிறது, ஜன்னல் த்ரெட் பின்னால் இருப்பது முடியட்டும் என்று நிற்கிறது. இரண்டும் விடியும்வரை அப்படியே நிற்கும். டெட்லாக் என்று புத்தகத்தில் படித்தது, முதன்முதலாக என் சோற்றில் கை வைத்தபோதுதான் அதன் முகம் தெரிந்தது.

இதை ஊகமாக விடாமல் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. ஹேங்க் ஆகி நிற்கும்போது புரோகிராம் எழுதவும் பிழை தேடவும் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோவை அந்தப் புராசஸோடு (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமோடு) இணைத்து, எல்லா த்ரெட்டையும் நின்ற இடத்திலேயே நிறுத்தும் பிரேக் ஆல் கொடுத்து, த்ரெட்ஸ் ஜன்னலைத் திறந்தால் ஒன்று குளோஸ் வரியிலும் இன்னொன்று இன்வோக் வரியிலும் நிற்பது தெரியும். கடையில் விஷுவல் ஸ்டுடியோ இல்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் அந்தப் புராசஸின் மேல் வலது கிளிக் செய்து அந்தக் கணத்து நிலையைப் பதிந்து வைக்கும் டம்ப் ஃபைல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து திறக்கலாம். என்னென்ன செய்தி வருகிறது, எந்த வரிசையில் வருகிறது என்று பார்க்க விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் ஸ்பை பிளஸ் பிளஸ் போதும், 32 பிட் புரோகிராமுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருக்கும், மாற்றித் திறந்தால் செய்திகளைக் காட்டாது.

தீர்வு சின்னதுதான். இன்வோக்குக்குப் பதில் பிகின் இன்வோக். அது வேலையை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் திரும்பிவிடும். கூடவே மூட ஆரம்பித்ததும் டேட்டா ரிசீவ்டு ஈவென்ட்டின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், மூடிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு கொடியும் (ஆமா, இல்லையா என்று நினைவில் வைக்கும் குறி) வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே வரிசையில் நிற்கும் வேலை, இறந்துபோன ஜன்னலைத் தொடப் போய் வேறு பிழை கிளம்பும்.

ஆனால் ஹேங்க் ஆவது பாதிப் பிரச்சினைதான். அன்றைய கணக்கு ஏன் போக வேண்டும்? பழைய ஆள் நாள் முழுக்கப் போட்ட எடைகளை மெமரியில் வைத்துக்கொண்டு, ஃபார்ம் குளோசிங்கில், போர்ட்டை மூடிய பிறகு, மொத்தமாக ஃபைலில் எழுதியிருந்தார். இதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. லட்சக்கணக்கில் வெள்ளி கைமாறும் இடத்தில் மூடும் ஈவென்ட்டை நம்பி எப்படிக் கணக்கு வைப்பது? ஜன்னல் எத்தனை வழியில் மூடும் என்று யோசித்துப் பாருங்கள். எக்ஸ் பொத்தான், ஆல்ட் எஃப்4, டாஸ்க்பாரில் வலது கிளிக், விண்டோஸ் ஷட்டவுன், டாஸ்க் மேனேஜர், உங்கள் கோடே கூப்பிடும் அப்ளிகேஷன் எக்சிட். 2005இல் டாட்நெட் 2.0 வந்ததிலிருந்து ஃபார்ம் குளோசிங்கில் குளோஸ் ரீசன் என்று ஒன்று கிடைக்கிறது, யார் மூடச் சொன்னார்கள் என்று அது சொல்லும். அதற்கு முன்னால் இருந்த குளோசிங் ஈவென்ட், அப்ளிகேஷன் எக்சிட் கூப்பிட்டால் எழவே எழாது, பழைய கோடில் அதைப் பார்த்தால் உடனே மாற்றுங்கள். புராசஸையே அங்கேயே முடித்துவிடும் என்விரான்மென்ட் எக்சிட் கூப்பிட்டாலோ, புராசஸை அடித்துக் கொன்றாலோ ஃபார்ம் குளோசிங்கும் எழாது. கரண்ட் போனால் எந்த ஈவென்ட்டும் கிடையாது. அதனால் எடையை எடுத்த கணமே டேட்டாபேஸில் எழுதுங்கள். மூடும் ஈவென்ட்டில் ஜன்னல் எந்த இடத்தில் இருந்தது என்பது மாதிரி, போனால் போகட்டும் என்கிற விஷயங்களை மட்டும் வையுங்கள்.

நிஜமாகவே மூடலாமா என்று கேட்கும் மெசேஜ் பாக்ஸ் வைக்கிறவர்கள் குளோஸ் ரீசனைப் பார்த்து, ஆள் மூடினால் மட்டும் கேளுங்கள். விண்டோஸ் ஷட்டவுன் ஆகும்போதும் அந்தக் கேள்வி வந்தால், இந்தப் புரோகிராம் தடுக்கிறது என்று விண்டோஸ் ஒரு திரையைக் காட்டும், அவசரத்தில் இருப்பவர் எப்படியும் அணை என்பதை அழுத்திவிடுவார். இன்னொன்று, பெட்டியில் போட்டது சரியா என்று பார்க்கும் வேலிடேட்டிங் ஈவென்ட்டில் எடைப் பெட்டி காலியாக இருக்கக்கூடாது என்று கேன்சல் போட்டிருந்தால் எக்ஸ் பொத்தானும் வேலை செய்யாது, வின்ஃபார்ம்ஸ் மூடுவதற்கு முன்னால் வேலிடேஷனை ஓட்டிப் பார்த்துத் தடுத்துவிடும். ஃபார்ம் குளோசிங்கில் கேன்சலை மறுபடி ஃபால்ஸ் ஆக்கினால் மூடும். இந்தக் கடையில் பிளக்கைப் பிடுங்கிய சில நாட்களுக்குக் காரணம் ஹேங்க் அல்ல, இதுதான்.

இதோடு முடிந்திருந்தால் பண நஷ்டம் என்று விட்டிருப்பேன்.

சித்திரை பிறந்து சேலம் கொதிக்க ஆரம்பித்த நேரம், முதலாளி கூப்பிட்டார். சிவதாபுரம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் கணக்கில் 2 கிலோவுக்கு மேல் வெள்ளி பாக்கி நிற்கிறது, கொடுத்ததாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறது, வந்ததாகக் காட்டவில்லை, அவரோ வாங்கவே இல்லை என்கிறார் என்றார். கூலியை நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் போனபோது அந்த அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். “பொடி கூட சிந்தாம கூட்டி அள்ளிக் குடுக்குறவன் தம்பி நான். மிஷின் சொல்லுதுன்னா நான் திருடனா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கடையில் எல்லோரும் நம்பினார்கள், அந்த நம்பிக்கைதான் என்னைப் பயமுறுத்தியது.

பழைய ஃபைலில் தேதி மட்டும்தான் இருந்தது, நேரம் இல்லை. ஒரே நாளில் ஒரே எடை இரண்டு முறை கொடுப்பதும் அங்கே வழக்கம்தான், அதனால் பார்த்த மாத்திரத்தில் எதுவும் சொல்ல முடியாது. முதல் வேலையாக ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் மில்லி விநாடியோடு நேரம், எந்தப் பொத்தான், ஈவென்ட் உள்ளே நுழைந்ததா வெளியே வந்ததா என்று ஒரு லாக் ஃபைலில் எழுத வைத்தேன். சீக்கிரமே மாட்டியது. எடையைப் பதிவு செய்யும் ‘எடு’ பொத்தானின் கிளிக் ஈவென்ட் உள்ளே நுழைகிறது, வெளியே வருவதற்கு முன்னால் அதே ஈவென்ட் மறுபடி உள்ளே நுழைகிறது, அப்புறம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருகின்றன. ஒரு விநாடிக்குள் ஒரே எடை இரண்டு தடவை பதிவாகியிருந்தது.

காரணம் டூ ஈவென்ட்ஸ். எடை நிலைக்கும்வரை காத்திருக்க ஒரு லூப், அதற்குள் கொஞ்சம் ஸ்லீப், திரை உறையாமல் இருக்க அப்ளிகேஷன் டூ ஈவென்ட்ஸ் என்று எழுதியிருந்தார்கள். டூ ஈவென்ட்ஸ் வரிசையில் நிற்கும் எல்லாச் செய்தியையும் அங்கேயே எடுத்து ஓட்டும், திரை வரைவதை மட்டும் அல்ல, அடுத்த கிளிக்கையும் சேர்த்து. முதல் கிளிக் லூப்பில் காத்திருக்கும்போதே இரண்டாவது கிளிக் அதன் தலைமேல் ஏறி ஓடி, எடை நிலைத்ததும் பதிவு செய்துவிட்டுத் திரும்பும், பிறகு முதலாவதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அதே எடையைப் பதிவு செய்யும். சரி, இது ஏன் கோடையில் மட்டும்? வெயில் தாங்காமல் தராசுக்கு நேர் மேலே ஃபேனை முழு வேகத்தில் வைத்திருந்தார்கள். காற்றில் தட்டு ஆடுகிறது, எடை நிலைக்க நேரம் பிடிக்கிறது, ஒன்றும் நடக்கவில்லையே என்று பையன் மறுபடி அழுத்துகிறான். மார்கழியில் ஃபேன் ஓடாது, கணக்கும் சரியாக இருந்திருக்கிறது.

முதலாளியை ஒப்புக்கொள்ள வைக்க லாக் ஃபைல் போதவில்லை, அது அவருக்குப் புரியாது. அதனால் பெட்டியில் இருக்கும் வெள்ளியை மொத்தமாக எடைபோடச் சொன்னேன். கொடுக்காத வெள்ளியைக் கொடுத்ததாக எழுதியிருந்தால் அது பெட்டியில்தானே இருக்க வேண்டும்? இருந்தது. புத்தகத்தைவிட அதிகமாக இருந்தது, அந்த அண்ணன் பேரில் நின்ற பாக்கியும் அதில் அடக்கம். கூலியை அன்றைக்கே கொடுத்தார்கள், மன்னிப்புக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது, கேட்டிருக்க வேண்டும். கணக்குப் புரோகிராமில் தவறு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்னால் கையிருப்பை எடைபோடச் சொல்லுங்கள், இதை நான் இப்போது எல்லா வாடிக்கையாளரிடமும் முதல் நாளே சொல்கிறேன்.

டூ ஈவென்ட்ஸை எடுத்துவிட்டு டைமர் வைத்தேன், பொத்தானை அழுத்தியதும் டைமர் ஓட ஆரம்பிக்கும், ஈவென்ட் உடனே திரும்பிவிடும், எடை நிலைத்ததும் டைமர் பதிவு செய்யும். பல தராசுகள் எடையோடு சேர்த்து நிலைத்ததா இல்லையா என்ற குறியையும் அனுப்பும், மேனுவலைப் பார்த்து அதைப் பயன்படுத்துங்கள். 2012இல் சி ஷார்ப் 5 வந்ததிலிருந்து த்ரெட்டை நிறுத்தாமல் காத்திருக்க அசிங்க், அவெய்ட் கிடைக்கிறது, அதுவும் நல்ல வழிதான், ஆனால் அவெய்ட்டில் காத்திருக்கும்போதும் பொத்தான் உயிரோடுதான் இருக்கும், அதனால் நுழைந்ததும் பொத்தானை முடக்கிவிட்டு முடிந்ததும் திறக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். ஈவென்ட்டுக்குள் ஸ்லீப் போட்டு த்ரெட்டை நிறுத்திவைத்து, முதல் வரியில் பொத்தானை முடக்கி, கடைசி வரியில் திறந்தால் பயனே இல்லை. இடையில் அழுத்திய கிளிக் வரிசையில் காத்திருந்து, பொத்தான் திறந்த பிறகு வந்து சேரும், அப்போது அது செல்லுபடியான கிளிக். டபுள் கிளிக் செய்தாலும் பொத்தானுக்கு இரண்டு கிளிக் ஈவென்ட் எழும், வயதானவர்கள் பலர் எதையும் டபுள் கிளிக்தான் செய்வார்கள். இவ்வளவு காவலுக்கும் மேலே, ஒவ்வொரு எடைக்கும் தராசில் வைக்கும்போதே ஒரு தனி எண் கொடுத்து, டேட்டாபேஸில் அந்த எண் இரண்டாவது தடவை நுழைய முடியாதபடி யுனிக் கீ வைத்துவிட்டேன். ஈவென்ட் எத்தனை முறை எழுந்தாலும் கணக்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

இதே புரோகிராமை அதே பழைய ஆள் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்கும் கொடுத்திருந்தார், பழம் பறிக்கிறவர்களின் எடை போட. செவ்வாய்ப்பேட்டையில் சரியானதைக் கேள்விப்பட்டு அவர்களும் கூப்பிட்டார்கள். அங்கே புகார் வேறு: புரோகிராம் திறக்கிறது, டாஸ்க்பாரில் தெரிகிறது, ஜன்னலைக் காணோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்த்தால், மினிமைஸ் செய்த நிலையில் மூடியிருக்கிறார்கள், மினிமைஸ் ஆன ஜன்னலின் இடம் -32000, -32000 என்று இருக்கும், அதையே சேமித்து அடுத்த முறை அங்கேயே திறந்திருக்கிறது. மினிமைஸ் ஆவதற்கு முன் இருந்த இடத்தைச் சொல்லும் ரீஸ்டோர் பவுண்ட்ஸை எடுத்துச் சேமித்தால் சரியாகிவிடும், திறக்கும்போது அந்த இடம் இருக்கும் மானிட்டர் எதிலாவது விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மினிமைஸ் செய்தால் ரீசைஸ் ஈவென்ட்டும் எழும், உள்ளளவு பூஜ்யமாக வரும், அந்த அளவில் படம் உருவாக்கப் போனால் புரோகிராம் விழும். இழுத்து முடித்ததும் ஒரு தடவை மட்டும் எழட்டும் என்று ரீசைஸ் எண்டை நம்பினால், மேக்ஸிமைஸ் செய்யும்போது அது எழாது. இதெல்லாம் மேலே போகாமலே சொல்லியிருக்கக்கூடியது, லாக் ஃபைல் மட்டும் இருந்திருந்தால் பெட்ரோல் செலவும் ஒரு முழு நாளும் மிஞ்சியிருக்கும்.

இப்போது இப்படி ஒரு வேலை வந்தால் நான் விலை சொல்வதற்கு முன்னால் சோர்ஸ் கோடை வாங்கி, டூ ஈவென்ட்ஸ், இன்வோக், ஃபார்ம் குளோசிங், என்விரான்மென்ட் எக்சிட் என்று இந்த நான்கையும் தேடிப் பார்க்கிறேன். எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் தொகை. சோர்ஸ் கோடு இல்லை, ஓடும் எக்ஸி ஃபைல் மட்டும்தான் என்றால் புதிதாக எழுதத்தான் விலை சொல்கிறேன். தராசு, ஒயர், கன்வெர்ட்டர் எதையாவது நான் சொல்லாமல் மாற்றினால் அதன் செலவு என்னைச் சேராது என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். ஒப்படைக்கும் நாளன்று தராசை ஓடவிட்டுக்கொண்டே எக்ஸ் பொத்தானில் மூடுவது, எடைப் பெட்டியைக் காலியாக வைத்து மூடுவது, மினிமைஸில் மூடுவது, திறந்து வைத்தபடியே விண்டோஸை ஷட்டவுன் செய்வது, எடை ஆடிக்கொண்டிருக்கும்போது எடு பொத்தானைப் படபடவென்று அழுத்துவது, கடைசியாக யூபிஎஸ்ஸையும் கழற்றிவிட்டு மெயின் சுவிட்சை அணைப்பது என்று எல்லாவற்றையும் முதலாளி கண் முன்னால் செய்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் கணக்கைத் திறந்து காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். இதற்கு ஒரு நாள் ஆகும், அந்த நாளையும் கூலியில் சேர்த்துத்தான் முதலிலேயே பேச வேண்டும்.